நீர்க்கடுப்பு: கிருமி என்று முடிவு கட்டுவதற்கு முன்

கேட்டவர் | மார்ச் 3, காலை 8.40

சிறுநீர் போகும்போது எரிந்தால் அது கிருமித்தொற்றுதான். தண்ணீர் நிறையக் குடித்து, ஐந்து நாள் ஆன்டிபயாடிக் போட்டால் தீர்ந்தது. இதற்கு யூரின் டெஸ்ட், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் என்று ஏன் அலைய வேண்டும்? கல்ச்சரில் "வளர்ச்சி இல்லை" என்று வந்த பிறகும் எரிச்சல் நிற்காதவர்கள் எத்தனையோ பேர். அப்படியானால் அந்த டெஸ்ட்டால் என்ன பயன்?

நீரோட்டம் | மார்ச் 3, காலை 11.15

கல்ச்சரில் ஒன்றும் வளராமல் எரிச்சல் மட்டும் நீடித்தால், டெஸ்ட் தவறிவிட்டது என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எரிச்சலுக்குக் காரணம் சிறுநீர்ப்பைக் கிருமியாக இல்லாமலும் இருக்கலாம். நீர்க்கடுப்பு ஒரு அறிகுறி. அதற்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்குத்தான் ஆன்டிபயாடிக் வேலை செய்யும்.

மாத்திரைக்கு முன் கவனிக்க வேண்டியது: எரிச்சல் எந்த இடத்தில், எந்த நொடியில்?

சிறுநீர் வரத் தொடங்கும்போதே எரிந்தால் சிறுநீர்த்தாரையை, அதாவது சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாயை, சந்தேகிக்கலாம். முடியும் தறுவாயில், கடைசிச் சொட்டுகளோடு சுருக்கென்று வலித்து, உடனே மறுபடியும் போக வேண்டும்போல் இருந்தால் பையின் அடித்தளம் புண்பட்டிருக்கிறது. பை சுருங்கி முடியும்போது அந்த இடம்தான் ஒன்றோடொன்று அழுந்துகிறது. உள்ளே வலியே இல்லாமல், சிறுநீர் வெளித்தோலில் படும்போது மட்டும் எரிந்தால், கோளாறு பெரும்பாலும் தோலிலோ பிறப்புறுப்பிலோ இருக்கும்: பூஞ்சைத் தொற்று, அக்கி வகைக் கொப்புளம், வாசனைச் சோப்பு ஒவ்வாமை, மாதவிடாய் நின்ற பின் சவ்வு மெலிவது. பை நிறைய நிறைய வலி ஏறி, காலியானதும் தணிந்தால் அது வேறு கதை; பிறகு எழுதுகிறேன்.

இவை திசை காட்டுபவைதான். இவற்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது.

நீரோட்டம் | மார்ச் 3, காலை 11.40

மேலே எழுதியதற்கு முன்பே இதை எழுதியிருக்க வேண்டும். எரிச்சலோடு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், விலா எலும்புக்குக் கீழே முதுகுப்புறம் ஒரு பக்கமாக வலி, வாந்தி, இவற்றில் ஒன்று வந்தாலும் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போங்கள். கர்ப்பிணிகள், ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்கள், சிறுநீர் அடைத்துக்கொண்டு வராதவர்கள் ஆகியோருக்குக் காய்ச்சல் இல்லாவிட்டாலும் அதே அவசரம். கல் அடைத்த சிறுநீரகத்தில் தொற்றும் சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகலாம். அங்கே மாத்திரை போதாது, அடைப்பை எடுத்தாக வேண்டும்.

கேட்டவர் | மார்ச் 3, மாலை 6.05

சரி. ஆனால் திடகாத்திரமான ஒரு பெண்ணுக்குத் திடீரென்று எரிச்சல், அடிக்கடி போக வேண்டிய அவசரம். இதற்கும் டெஸ்ட் வேண்டுமா?

நீரோட்டம் | மார்ச் 3, இரவு 9.20

அந்த ஒரு இடத்தில் நீங்கள் சொல்வது சரி. கர்ப்பமில்லாத, வேறு நோயில்லாத பெண்ணுக்கு எரிச்சலும் அடிக்கடி போவதும் சேர்ந்திருந்து, வெள்ளைப்படுதலோ அரிப்போ இல்லையென்றால், அது சிறுநீர்ப்பைத் தொற்றாக இருக்கும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல். முதல் முறையாக இருந்தால் கல்ச்சர் இல்லாமலே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கலாம். அரிப்பும் வெள்ளைப்படுதலும் இருந்தால் அந்த வாய்ப்பு மளமளவென்று இறங்கிவிடும். "அரிப்பு உண்டா" என்று கேட்காமல் மாத்திரை எழுதுவது பெரிய பிழை. பூஞ்சைத் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் நல்ல கிருமிகள் அழிந்து பூஞ்சை இன்னும் தழைக்கும்.

கல்ச்சர் கட்டாயம் வேண்டியவர்கள்: ஆண்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், காய்ச்சல் உள்ளவர்கள், மருந்து போட்டும் தீராதவர்கள், திரும்பத் திரும்ப வருபவர்கள். ஆறு மாதத்தில் இரண்டு முறை அல்லது ஒரு வருடத்தில் மூன்று முறை வந்தாலே "திரும்ப வரும் தொற்று" என்று கணக்கு.

ஆய்வகமேசை | மார்ச் 4, காலை 7.30

கல்ச்சர் பயனில்லை என்று சொல்பவர்களின் மாதிரியைப் பார்த்தால், பாதி நேரம் அது பிடித்த விதத்திலேயே கெட்டுப்போயிருக்கும். எப்படிப் பிடிப்பது என்று எழுதிவிடுகிறேன்.

கையைக் கழுவுங்கள். பெண்கள் இதழ்களை விரித்துப் பிடித்து, முன்னிருந்து பின்னாகத் துடைத்து, சிறுநீர் போய் முடியும்வரை விரல்களை எடுக்கக் கூடாது. ஆண்கள் முன்தோலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். முதல் கொஞ்சத்தைக் கழிப்பறையில் விடுங்கள், ஓட்டத்தை நிறுத்தாமல் நடுவில் டப்பாவை நீட்டி 20 முதல் 30 மி.லி. பிடியுங்கள், மிச்சத்தை மறுபடியும் கழிப்பறையில் விடுங்கள். டப்பாவின் உள்பக்கத்தையும் மூடியின் உள்பக்கத்தையும் விரலால் தொடாதீர்கள். வீட்டில் கழுவிக் காயவைத்த பாட்டில் உதவாது.

அதன்பின் நேரம்தான் எதிரி. ஈ.கோலை என்ற குடல் கிருமி சாதகமான சூழலில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். மாதிரியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நான்கு வேலை முடித்துவிட்டு மதியம் கொடுத்தால், காலையில் சில நூறாக இருந்தது லட்சமாகியிருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் 4 டிகிரி குளிர்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள். போரிக் அமிலம் போட்ட குழாய் கொடுத்தால் கோடு வரைக்கும் நிரப்புங்கள். குறைவாக நிரப்பினால் அமிலம் செறிந்து உண்மையான கிருமியையும் வளரவிடாது.

ரிப்போர்ட்டில் "எபிதீலியல் செல்" (தோல், சவ்வு அணு) நிறைய என்றும் மூன்று வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்தன என்றும் இருந்தால், தோலிலிருந்து கலந்துவிட்டது என்று பொருள். மறுபடியும் பிடித்துக் கொடுங்கள். அந்த ரிப்போர்ட்டுக்கு மருந்து சாப்பிடாதீர்கள்.

முக்கியமான ஒன்று: ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரைக்கு முன்பே மாதிரி. ஒரே ஒரு வேளை போட்டிருந்தாலும் "வளர்ச்சி இல்லை" என்று வரலாம்.

நீரோட்டம் | மார்ச் 4, காலை 10.10

மேலே உள்ள நடுநீர் முறை கல்ச்சருக்கு மட்டும். கிளமீடியா, கொனோரியா மாதிரியான பால்வினைத் தொற்றுகளுக்கான மரபணுச் சோதனைக்கு எல்லாம் தலைகீழ். குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்து, துடைக்காமல், ஓட்டத்தின் முதல் 20 முதல் 30 மி.லி.யை மட்டும் பிடிக்க வேண்டும். அந்தக் கிருமிகள் தாரையின் சுவரில் ஒட்டியிருப்பவை. முதல் நீர்தான் அவற்றை வழித்துக்கொண்டு வரும். நடுநீரைக் கொடுத்தால் கிருமியைக் கழிப்பறையில் விட்டுவிட்டு வெறும் நீரைக் கொடுப்பதாகிவிடும்.

ஆய்வகமேசை | மார்ச் 4, காலை 10.25

ஆமாம், அதை விட்டுவிட்டேன். எந்தச் சோதனைக்கு என்று கேட்டுவிட்டு டப்பாவை வாங்குங்கள்.

கேட்டவர் | மார்ச் 4, பிற்பகல் 1.50

ரிப்போர்ட்டில் ஒரு லட்சம் என்று போடுகிறார்களே, அதற்குக் கீழே என்றால் தொற்று இல்லை என்றுதானே?

ஆய்வகமேசை | மார்ச் 5, காலை 6.50

அந்த ஒரு லட்சம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும். 1950களில் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸ், அறிகுறியே இல்லாத பெண்களையும் சிறுநீரகத் தொற்று உள்ளவர்களையும் ஆராய்ந்து, ஒரு மி.லி.க்கு ஒரு லட்சம் கிருமி என்ற வரம்பை முன்வைத்தார். நிஜத் தொற்றை மாசு கலந்த மாதிரியிலிருந்து பிரிக்க அது உதவியது. எரிச்சலோடு வந்து நிற்கும் பெண்ணுக்கு அதே வரம்பைப் போட்டதுதான் தவறு. 1982இல் வால்டர் ஸ்டாம் குழுவினர் பைக்குள்ளிருந்தே நீரை எடுத்துப் பார்த்து, எரிச்சல் உள்ள பெண்களில் நூறு ஈ.கோலைகூட உண்மைத் தொற்றைக் காட்டலாம் என்று நிறுவினார்கள். பல ஆய்வகங்கள் இன்றும் பத்தாயிரத்துக்குக் கீழே இருந்தால் "குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை" என்று முடித்துவிடுகின்றன. அதனால் "வளர்ச்சி இல்லை" வேறு, "குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை" வேறு. ரிப்போர்ட்டில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள்.

இந்த எண்ணை மறுபக்கமும் தவறாகப் படிக்கிறார்கள். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரு லட்சம் வந்தாலும் சிகிச்சை தேவையில்லை. விதிவிலக்கு இரண்டு: கர்ப்பம், மற்றும் உள்சவ்வு கிழிபடக்கூடிய சிறுநீர்ப்பாதை அறுவை சிகிச்சைக்கு முந்தைய நேரம்.

ஆய்வகமேசை | மார்ச் 5, காலை 7.15

சிறுநீரில் நனைத்து நிற மாற்றத்தைப் பார்க்கும் டிப்ஸ்டிக் பட்டை பற்றியும் சொல்லிவிடலாம். நைட்ரைட் கட்டம்: சில கிருமிகள் சிறுநீரிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். அதற்குப் பையில் நீர் சுமார் நான்கு மணி நேரம் தங்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை ஓடிக்கொண்டிருப்பவருக்கு அந்த அவகாசமே கிடையாது. என்டரோகாக்கஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ் சாப்ரோஃபிடிகஸ் ஆகிய கிருமிகள் அந்த மாற்றத்தைச் செய்வதே இல்லை. ஆக, நைட்ரைட் வந்தால் தொற்றை நம்பலாம், வராவிட்டால் தொற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது. வைட்டமின் சி அதிகம் சாப்பிட்டிருந்தாலும் தவறாக நெகட்டிவ் காட்டும். நைட்ரைட்டை 60ஆவது நொடியிலும் ரத்த வெள்ளணுக் கட்டத்தை 120ஆவது நொடியிலும் படிக்க வேண்டும். பட்டை டப்பாவின் மூடி திறந்து கிடந்தால், காற்றுப் பட்டே நைட்ரைட் கட்டம் நிறம் மாறிவிடும்.

நீரோட்டம் | மார்ச் 5, இரவு 8.30

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். வெள்ளணு நிறைய, கல்ச்சரில் ஒன்றும் இல்லை. இப்படி வந்தால் வரிசையாக யோசிக்க வேண்டியவை: ஏற்கெனவே ஆன்டிபயாடிக் உள்ளே போயிருக்கிறதா, கிளமீடியா போலச் சாதாரணக் கல்ச்சர் தட்டில் வளராத கிருமியா, கல்லா, வெள்ளைப்படுதல் கலந்ததா, வாரக்கணக்கில் நீடித்தால் சிறுநீரகக் காசநோயா. காசநோய்க் கிருமி சாதாரணக் கல்ச்சரில் ஒருபோதும் வளராது. தனியாக எழுதிக் கேட்க வேண்டும், மூன்று நாள் தொடர்ந்து விடியற்காலை முதல் நீர் கொடுக்க வேண்டும். கேட்காவிட்டால் யாரும் தேட மாட்டார்கள்.

வெள்ளணுவும் இல்லை, கிருமியும் இல்லை, ஆனால் ஆறு வாரத்துக்கு மேலாகப் பை நிறையும்போது வலி, காலியானால் ஆறுதல். இது சிறுநீர்ப்பை வலி நோய்க்குறியாக இருக்கலாம். இவர்கள் மாதக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக ஆன்டிபயாடிக் சாப்பிட்டு நொந்துபோய் வருகிறார்கள் என்பது மனதை வருத்துகிறது. இரண்டாவது சுத்தமான நெகட்டிவ் கல்ச்சரோடு மருந்தை நிறுத்திவிட்டு வேறு காரணத்தைத் தேடியிருந்தால் அவ்வளவு அவதி இல்லை. சிறுநீர் நாட்குறிப்பு இங்கே உதவும்: மூன்று நாளைக்கு ஒவ்வொரு முறையும் நேரம், அளந்த மி.லி., வலி பத்துக்கு எத்தனை. பெரியவர்களின் பை சாதாரணமாக 400 முதல் 500 மி.லி. கொள்ளும். ஒவ்வொரு முறையும் 80, 100 என்றே வந்தால் அந்தக் காகிதமே மருத்துவருக்கு நிறையச் சொல்லிவிடும்.

கேட்டவர் | மார்ச் 6, காலை 9.00

மருந்துகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஐந்து நாள் என்றேன், அதுவாவது சரியா?

நீரோட்டம் | மார்ச் 6, பிற்பகல் 2.15

நாள் கணக்கு மருந்தைப் பொறுத்தது. சிக்கலில்லாத பைத் தொற்றுக்கு, பெண்களில்: நைட்ரோஃபுரான்டோயின் 100 மி.கி. இரண்டு வேளை, ஐந்து நாள். ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பொடி, தண்ணீரில் கரைத்து ஒரே தடவை. டிரைமெத்தோப்ரிம்–சல்ஃபா 160/800 மி.கி. இரண்டு வேளை, மூன்று நாள், அதுவும் அந்த வட்டாரக் கிருமிகளில் இந்த மருந்துக்கு எதிர்ப்பு 20 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டும். இவை மருத்துவர் எழுதிக்கொடுக்க வேண்டியவை. எதிர்பார்க்க வேண்டியது என்ன என்று தெரிந்திருக்கத்தான் எழுதுகிறேன்.

நைட்ரோஃபுரான்டோயினை உணவோடு சாப்பிட வேண்டும், வயிற்றைப் பிரட்டாது, உடலும் நன்றாக உறிஞ்சும். சிறுநீர் பழுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் இது சிறுநீரில்தான் செறிகிறது, சிறுநீரகத் திசுவிலும் ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியிலும் போதிய அளவு சேராது. காய்ச்சலும் முதுகுவலியும் இருப்பவருக்கு இதைக் கொடுத்தால் எரிச்சல் நிற்கும், சிறுநீரகத்தில் தொற்று அப்படியே இருக்கும். அந்தப் பொய்யான நிம்மதிதான் ஆபத்து. சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்தவர்களுக்கும், ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு உள்ளவர்களுக்கும், பிரசவம் நெருங்கியவர்களுக்கும் இது ஆகாது.

சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்கைச் சாதாரண நீர்க்கடுப்புக்கு முதல் மருந்தாக எடுக்காதீர்கள். தசைநாண் கிழிதல், நரம்புப் பாதிப்பு போன்றவற்றால், வேறு வழி இருக்கும்போது தவிர்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரித்தது. வீட்டில் மிச்சமிருந்தது என்று இரண்டு மாத்திரை போட்டு நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

சரியான மருந்தானால் இரண்டு நாளுக்குள் எரிச்சல் பெருமளவு குறைய வேண்டும். குறையாவிட்டால் அளவைக் கூட்டுவது பதில் ஆகாது. கல்ச்சர் எடுக்க வேண்டும். அதற்கு 18 முதல் 24 மணி நேரம், எந்த மருந்து வேலை செய்யும் என்ற பட்டியலுக்கு இன்னொரு நாள்.

நீரோட்டம் | மார்ச் 6, மாலை 4.40

வலிக்கு: ஃபெனசோபிரிடின் எரிச்சலை மரத்துப்போகச் செய்யும், கிருமியைத் தொடாது. ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், துணியில் கறை படியும், டிப்ஸ்டிக் வண்ணமும் குழம்பும். அதனால் மாதிரி கொடுத்த பிறகு போடுங்கள்.

சமையல் சோடாவைக் கரைத்துக் குடிக்கும் யோசனை அடிக்கடி வருகிறது. வேண்டாம். கிருமி சாகாது, உடலில் சோடியம் ஏறும், இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு அது கெடுதல். மேலும் நைட்ரோஃபுரான்டோயின் அமிலச் சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். சோடா அதன் காலை வாரிவிடும்.

கேட்டவர் | மார்ச் 7, காலை 7.45

அப்போ தண்ணீரும் வீணா?

நீரோட்டம் | மார்ச் 7, காலை 9.30

தண்ணீர் தடுக்கும். தொற்று வந்த பிறகு தண்ணீரை மட்டும் நம்பியிருக்க முடியாது. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அடிக்கடி தொற்று வரும், தினம் ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களில் பாதிப் பேரை வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரி 1.7 முறை, மற்றவர்களுக்கு 3.2 முறை. ஏற்கெனவே போதுமான அளவு குடிப்பவருக்கு இதே பலன் கிடைக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இதயத்தில், சிறுநீரகத்தில் நீர்க் கட்டுப்பாடு உள்ளவர்கள் இந்தக் கணக்கைத் தொடவே கூடாது.

கிரான்பெர்ரி: திரும்பத் திரும்ப வரும் பெண்களுக்கு ஓரளவு தடுக்கிறது. வந்ததைக் குணப்படுத்தாது. டி-மானோஸ் என்ற சர்க்கரை: 2024இல் வந்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. முன்னிருந்து பின் துடைப்பது, உறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பது ஆகியவற்றுக்கு உறுதியான ஆய்வு ஆதரவு மெலிது. கெடுதல் இல்லை, செய்யலாம். ஆனால் தொற்று வந்த பெண்ணிடம் "சுத்தமாக இல்லாததால்தான்" என்று சொல்லாதீர்கள். பெண்ணின் சிறுநீர்த்தாரை வெறும் 4 செ.மீ., ஆணுக்கு சுமார் 20. அமைப்பே காரணம், அவள் குற்றமில்லை. உண்மையில் வாசனைக் கழுவுநீரால் அதிகம் கழுவுவதுதான் நல்ல கிருமிகளை அழித்து வினையைக் கூட்டும். விந்தணுக்கொல்லி தடவிய ஆணுறையும் அதே வேலையைச் செய்யும்.

மெத்தனமின் ஹிப்யூரேட் என்ற தடுப்பு மருந்து 1 கிராம் இரண்டு வேளை, தடுப்பு ஆன்டிபயாடிக்குக்கு ஈடாக நிற்கிறது என்று 2022இல் ஓர் ஆய்வு காட்டியது. இது அமிலச் சிறுநீரில் ஃபார்மால்டிஹைடாகப் பிரிந்து கிருமியைக் கொல்வதால் எதிர்ப்புத்திறன் வளர வழி குறைவு. இதைப் பற்றிக் கேட்பவர்களே இல்லை, கேளுங்கள்.

நீரோட்டம் | மார்ச் 7, இரவு 10.05

மாதவிடாய் நின்றவர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு, ஏனென்றால் இங்கேதான் பலன் அதிகம், பயன்பாடு குறைவு. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்ததும் யோனியின் நல்ல கிருமியான லாக்டோபேசில்லஸ் மறையும், அமிலத்தன்மை போகும், ஈ.கோலை குடியேறும். 1993இல் ரஸ், ஸ்டாம் இருவரும் வெளியிட்ட ஆய்வில் எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் களிம்பை யோனியில் தடவியவர்களுக்கு வருடத்துக்குச் சராசரி 0.5 தொற்று, வெற்றுக் களிம்புக்காரர்களுக்கு 5.9. இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் இருமுறை. மாத்திரையாக விழுங்கும் ஈஸ்ட்ரோஜனுக்கு இந்தப் பலன் இல்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

ஆய்வகமேசை | மார்ச் 8, காலை 6.40

முதியவர்கள், கதீட்டர் (சிறுநீரை வடிக்கப் போடும் குழாய்). குழாய் போட்ட ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குக் கிருமி ஏறும். ஒரு மாதத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும். கலங்கலும் நாற்றமும் மட்டும் மருந்துக்குக் காரணம் ஆகாது. காய்ச்சல் வந்தால், இரண்டு வாரத்துக்கு மேலான குழாயை மாற்றிவிட்டுப் புதுக் குழாயின் மாதிரித் துளையிலிருந்து எடுங்கள். குழாயில் தொங்கும் சேகரிப்புப் பையிலிருந்து எடுத்தது குப்பை.

குழந்தைகளுக்கு ஒட்டும் பையில் பிடித்தது நெகட்டிவ் என்றால் நம்பலாம், பாசிட்டிவ் என்றால் நம்ப முடியாது.

நீரோட்டம் | மார்ச் 8, காலை 8.20

குழந்தைகளில் மலச்சிக்கலைக் கேளுங்கள். நிறைந்த மலக்குடல் பையை அழுத்தி முழுதாகக் காலியாகவிடாது, தேங்கிய நீரில் கிருமி வளரும். மலச்சிக்கலைச் சரிசெய்யாமல் தொற்றை மட்டும் துரத்தினால் அது திரும்ப வரும்.

ஆண்களுக்கு: காய்ச்சலில்லாத தொற்றுக்கு 7 நாள் போதும், 14 நாள் தேவையில்லை என்று 2021இல் ஆய்வு வந்திருக்கிறது. காய்ச்சலோடு ஆசனவாய்க்கும் விதைப்பைக்கும் நடுவே வலி, நீர் சொட்டுச் சொட்டாக வருவது என்றால் புராஸ்டேட் வீக்கம். அதற்கு வாரக்கணக்கில் மருந்து. இளைஞனுக்குக் குறியிலிருந்து கசிவும் எரிச்சலும் என்றால் முதலில் பால்வினைத் தொற்று. கிளமீடியாவுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இரண்டு வேளை ஏழு நாள், துணைக்கும் சிகிச்சை, அதுவரை உறவு கூடாது. துணையை விட்டுவிட்டால் மறுபடியும் தொற்றும்.

சர்க்கரை நோய்க்கு எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் சாப்பிடுபவர்களுக்கு ஒன்று: அவை சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுவதால் வெளியுறுப்பில் பூஞ்சை வரும். அந்த எரிச்சலைப் பைத் தொற்று என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

கேட்டவர் | மார்ச் 8, மாலை 5.30

எனக்குக் கேள்வி ஒன்றுதான் மிச்சம். குணமான பிறகு மறுபடியும் கல்ச்சர் எடுத்துப் பார்க்க வேண்டுமா?

நீரோட்டம் | மார்ச் 8, இரவு 7.10

அறிகுறி போய்விட்டால் வேண்டாம், கர்ப்பிணிகளைத் தவிர. ஆனால் தொற்றின்போது சிறுநீரில் ரத்தம் இருந்திருந்தால், சிகிச்சை முடிந்து சில வாரங்கள் கழித்து மைக்ரோஸ்கோப் சோதனை ஒன்று செய்யுங்கள். ரத்தம் மறையாமல் இருந்தால், குறிப்பாக நாற்பது வயதைத் தாண்டியவர்களும் புகைபிடிப்பவர்களும், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒரே கிருமியாகப் புரோடியஸ் திரும்பத் திரும்ப வளர்ந்தால் ஸ்கேனில் கல்லைத் தேடுங்கள். அது யூரியாவைப் பிளந்து நீரைக் காரமாக்கித் தானே கல்லை வளர்க்கும். கல்லுக்குள் மருந்து எட்டாது, கல் போகும்வரை அது போகாது.